பெண்ணை நடுவே ஒரு பாறை

சங்கராபுரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பாதையில், தென்பெண்ணையாற்றின் கரையில், மூங்கில்துறைப்பட்டு என்று ஓர் ஊர் உண்டு. இந்தப் பக்கத்து ஜனங்களைக் கேட்டால், "சர்க்கரை ஆலை இருக்கிறதே, அந்த ஊர்தானே?" என்பார்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும் டிராக்டருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்துதான் நானும் அந்த ஊருக்குள் பிரவேசித்தேன். ஆனால் எனக்கு அந்த ஊரின் பேரில் மோகம் உண்டானது சர்க்கரையினால் அல்ல, பெயரினால். ஒரு நதியும், அதில் இறங்கும் துறையும், காற்றில் தலையாட்டும் மூங்கிலும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. பெயர் வைத்தவர் யாராயிருந்தாலும் சரி, என் போன்ற கதாசிரியர்களைக் காட்டிலும் சிக்கனமானவர்!

மூங்கிலும் ஆறும் சேர்ந்த இடம் என்றால் இப்போது உலகத்தார் நினைப்பது ஜப்பானைத்தான். கியோத்தோ நகரத்தின் மேற்கு ஓரத்தில் அராஷியாமா என்று ஓர் இடம். 'புயல் மலை' என்று பொருள். மலையடிவாரத்தில் ஆறு, ஆற்றின்மேல் நீளமான பாலம், கரையில் பௌத்தக் கோயில்கள், கோயிலை ஒட்டி, வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் மூங்கில் தோப்பு. அங்கே போய் வந்த நண்பர் ஒருவர் என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் படம் படமாகக் காட்டினார். பாதிப் படங்களில் மூங்கிலை மறைத்துக்கொண்டு அவரே நின்றார். மீதிப் பாதியைப் பார்த்ததற்கே, அந்த இடத்தின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாகிவிட்டது.

படித்தபிறகு ஆசை ஆச்சரியமாயிற்று. அந்தப் பாலத்துக்குத் தோகெட்சுக்யோ என்று பெயர். சந்திரன் கடக்கும் பாலம் என்று அர்த்தம். 13-ஆம் நூற்றாண்டில் கமேயாமா என்ற சக்கரவர்த்தி, பாலத்தின்மேல் நிலா நடந்துபோவதுபோல் தோன்றக் கண்டு இட்ட பெயர் என்று சொல்கிறார்கள். இப்போது இருக்கும் பாலம் 1934-இல் கட்டியது. பக்கத்தில் ஒகுரா மலை. அதன் சாரலில் இருந்த வீட்டில்தான் ஃபுஜிவாரா தெய்க்கா என்ற கவி, நூறு கவிகளிடமிருந்து ஆளுக்கு ஒரு பாட்டாகப் பொறுக்கி ஒரு தொகுப்புச் செய்தார் என்பது மரபு. இன்றைக்கும் ஜப்பானியக் குடும்பங்கள் புத்தாண்டில் அந்தப் பாட்டுகளைச் சீட்டில் அச்சடித்து வைத்துக்கொண்டு விளையாடுகின்றன. நம் வீடுகளில் புறநானூற்றைச் சீட்டாக அச்சடித்தால் யார் வாங்குவார்கள் என்று யோசித்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாகக் கவர்ந்தது தென்ரியூ-ஜி என்ற கோயிலின் கதை. கோ-தைகோ என்று ஒரு சக்கரவர்த்தி. அவருக்காகச் சண்டை போட்டு, பிறகு அவருக்கே விரோதியாகி, அவரைத் தலைநகரைவிட்டு ஓடவைத்தவர் அஷிகாகா தகாஉஜி என்ற தளபதி. 1339-இல் சக்கரவர்த்தி மலைநாட்டில் அடைக்கலமாக இருந்த இடத்திலேயே காலமானார். உடனே தகாஉஜி என்ன செய்தார் தெரியுமோ? செத்துப்போன எதிரியின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று அராஷியாமாவில் ஒரு பெரிய கோயில் கட்ட ஏற்பாடு செய்தார். பணம் போதவில்லை. சீனாவுக்கு வியாபாரக் கப்பல் அனுப்பி, அந்த லாபத்தைக் கொண்டு கட்டினார்கள். மனச்சாட்சி குத்தியதா, ஆவிக்குப் பயமா, இரண்டும் கலந்ததா? எப்படியானால் என்ன, கொடுமை செய்த கையே கோயிலையும் எழுப்பியது.

ஆறு, மலை, மூங்கில், கோயில், நிலா, பாட்டு, தோற்றுப்போன ஒரு ராஜா. இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சங்கராபுரத்துப் பாதைதான் ஞாபகம் வந்தது. மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஆற்றோடு கிழக்கே, மணலூர்ப்பேட்டை வழியாகத் திருக்கோவலூர் வரையில் போனால் இத்தனையும் இருக்கின்றன. ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே ராஜாவைக் கொன்றவர்கள் அவனுக்காக ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவனுடைய சிநேகிதன் ஒருவனுக்குத்தான் ஞாபகச் சின்னம் இருக்கிறது. அது ஆற்றின் நடுவில் நிற்கும் ஒரு பாறை.

பெண்ணையாறு கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கடலூர் அருகே கடலில் விழுகிறது. இடையில் ஒருபுறம் ஜவ்வாது மலையையும் மறுபுறம் கல்வராயன் மலையையும் வைத்துக்கொண்டு சமவெளிக்கு இறங்குகிறது. 1958-இல் சாத்தனூர் அணை கட்டி முடித்தபிறகு, வருஷத்தில் பல மாதம் கீழ்ப்பக்கத்தில் மணல்தான் ஓடுகிறது. அகநானூற்றுக் கவி அம்மூவனார் இந்த ஆற்றின் நுண்ணிய கருமணலைப் பார்த்து ஒரு பெண்ணின் கூந்தலை நினைத்தார். பிற்காலத்து லாரிக்காரர்கள் அதே மணலைப் பார்த்து வேறு எதையோ நினைத்தார்கள். ஆனால் ஆறு செத்துவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடித் தண்ணீர் திறந்தார்கள். கட்டிச் சில மாதமே ஆன பாலம் ஒன்று அடித்துக்கொண்டு போயிற்று.

மணலூர்ப்பேட்டைக்கு அருகில் ஜம்பை என்ற கிராமம். அங்கே ஒரு குன்றின் குகையில் 1981-இல் ஒரு வரிச் சாசனம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பழைய தமிழ் பிராமி எழுத்து. ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி இந்தப் பள்ளியைக் கொடுத்தான் என்பது செய்தி. வெகுநாளாகச் சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள், அசோகச் சக்கரவர்த்தி தம் சாசனத்தில் சோழ பாண்டிய சேரரோடு சேர்த்துச் சொன்ன 'சத்தியபுத்திரர்' யார் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மலையிடுக்கில் கிடந்த அந்த ஒரு வரி, தகடூர் அதியமான் குலத்தார்தான் அவர்கள் என்று வழக்கைத் தீர்த்துவிட்டது. தகடூர்க்காரனுக்குப் பெண்ணையாற்றங்கரையில் என்ன வேலை? அவன் கோவலூரை ஜயித்ததை ஔவையார் புறநானூற்றில் சொல்லுகிறார். அந்தக் கோவலூர்தான் திருக்கோவலூர். இன்று நாம் திருக்கோயிலூர் என்கிறோம். பாட்டு சொன்னதற்குப் பாறை சாட்சி சொல்கிறது. நான் எழுதிய நாவல் எதற்கும் இப்படி ஒரு சாட்சி கிடைக்கப்போவதில்லை!

திருக்கோவலூர் மலையமானை வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. 'பொன்னியின் செல்வ'னில் பேரப்பிள்ளை ஆதித்த கரிகாலனுக்காகத் தவிக்கும் கிழவரை எல்லாரும் அறிவோம். அந்தக் குலத்து ஆதிமனிதர்களில் ஒருவன் திருமுடிக்காரி. கபிலர் அவனைப் பாடியிருக்கிறார். குடித்து மயங்கியிருக்கும்போது தேரைக் கொடுப்பது யாருக்கும் சுலபம். காரி குடிக்காமலே கொடுத்த தேர்கள் அவனுடைய முள்ளூர் மலையில் விழும் மழைத்துளியைவிட அதிகம் என்று அவர் கணக்குச் சொல்கிறார். கவிகளின் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஊரில் கோயில்களுக்குக் குறைவில்லை. உலகளந்த பெருமாள் கோயிலில் பெருமாள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மரத்தால் ஆன மூர்த்தி. முதல் மூன்று ஆழ்வார்களும் ஒரு மழை இரவில் சந்தித்த இடைகழி இந்த ஊரில்தான். புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்தவனால் குத்துண்டும், அவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் சொன்ன மெய்ப்பொருள் நாயனாரும் இந்த ஊர் ராஜாதான். இவையெல்லாம் தனித்தனிக் கட்டுரைக்குரியவை. நான் கீழையூர்ப் பக்கம், ஆற்றங்கரையில் இருக்கும் வீரட்டேசுவரர் கோயிலுக்குப் போகிறேன். அங்கேதான் என் விஷயம் இருக்கிறது. ஆற்றுக்குள்ளே கபிலர் பாறை. பாறையின் தலையில் ஒரு சின்னக் கோயில். கரையில் உள்ள கோயிலிலோ அந்தப் பாறையைப்பற்றி ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டிய சாசனம்.

கதையை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பறம்பு மலைக்குத் தலைவன் பாரி. பாண்டி நாட்டுப் பிரான்மலைதான் பறம்பு என்கிறார்கள். அவனுடைய உயிர்ச் சிநேகிதர் கபிலர். சேர சோழ பாண்டியர் மூவரும் ஒன்றுகூடிப் பறம்பை முற்றுகையிட்டார்கள். அப்போது கபிலர் அவர்களைப் பார்த்துப் பரிகாசமாக ஒரு பாட்டுச் சொன்னார். உழவர் உழாமலே விளையும் பொருள் நான்கு எங்கள் மலையில் உண்டு. நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தாலும் நாங்கள் பட்டினி கிடக்கமாட்டோம் என்பது அதன் சாரம். நான்கில் முதலாவது மூங்கில் நெல். அப்புறம் பலா, வள்ளிக்கிழங்கு, தேன்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கல்வராயன் மலைப் பக்கம் மூங்கிலைப் பார்த்தபிறகுதான் வந்தது. மூங்கில் வருஷா வருஷம் நெல் விளைவிக்கிற பயிர் அல்ல. பெருமூங்கில் சுமார் 40 ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் பூக்கும். கூட்டம் கூட்டமாகப் பூத்து, மூட்டை மூட்டையாக அரிசி உதிர்த்துவிட்டு, அதோடு பட்டுப்போய்விடும். ஒரு மனிதன் தன் ஆயுளில் இரண்டு முறை கண்டால் அதிர்ஷ்டம். அப்படியானால் பறம்பை முற்றுகையிட்ட வருஷம் மூங்கில் பூத்த வருஷமா? அல்லது கபிலர் கோட்டைச் சுவரின்மேல் நின்று, உள்ளே காலியாக இருக்கும் குதிர்களை எதிரி அறியாதபடி வீரம் பேசினாரா? அகநானூற்றில் வேறொரு குறிப்பு வருகிறது. முற்றுகையின்போது கபிலர் பறவைகளைப் பழக்கி, வெளி வயல்களிலிருந்து நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்தாராம். கிளி கொண்டுவந்த கதிரைத் தின்கிறவர்கள் பலாவும் தேனும் மிகுந்தவர்களாக இருக்க முடியுமா? கபிலர் பசியோடுதான் அந்தப் பாட்டைப் பாடினார் என்பது என் அபிப்பிராயம். அதனால் பாட்டின் மதிப்பு எனக்கு ஒரு மடங்கு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை.

பாரி மாண்டான். அவனுக்கு இரண்டு பெண்கள். கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு மலையைவிட்டு இறங்கினார். விச்சிக்கோ என்ற சிற்றரசனிடம் போனார். இவர்களை மணந்துகொள் என்றார். இருங்கோவேளிடம் போனார்; அவன் இசையவில்லை. கபிலருக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னொரு காலத்தில் ஒரு புலவரை இகழ்ந்ததனால்தான் உன் மூதாதையின் ஊர் பாழாயிற்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியேறினார். அந்தச் சிற்றரசர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் மூன்று பேரரசர்களின் பகையைச் சீதனமாகக் கொண்டுவரும் பெண்களை வீட்டுக்குள் சேர்க்கத் துணிச்சல் வேண்டும் அல்லவா?

அப்புறம் அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? இங்கேதான் சரித்திரம் மூன்று வாயால் பேசுகிறது. புறநானூற்றைத் தொகுத்தவர்கள், கபிலர் பாட்டின் கீழே சேர்த்த குறிப்பில், அவர் பாரி மகளிரைப் பார்ப்பனரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறார்கள். ராஜராஜன் காலத்துச் சாசனம், பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையில் நெருப்பில் புகுந்தார் என்கிறது. ஊரில் சொல்லும் கதையோ ஔவைப் பாட்டியைக் கொண்டுவந்து, மூவேந்தரும் வந்து நிற்க, தடபுடலாக ஒரு கல்யாணத்தையே நடத்திவிடுகிறது.

மூன்றாவதைக் கல்யாண விருந்தோடு விட்டுவிடுவோம். முதல் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை என்னை உறங்கவிடவில்லை. வடக்கிருத்தல் என்றால் வடக்கு நோக்கி உட்கார்ந்து, அன்னம் ஆகாரம் இல்லாமல் உயிரை விடுவது. நாள் கணக்கில் நடக்கும் காரியம். சிநேகிதனிடம், என்னை ஏன் உன்னோடு வரவிடாமல் தடுத்தாய் என்று சண்டை பிடிக்கக்கூட அவகாசம் உண்டு. கபிலர் கடைசியாகப் பாடியது அத்தகைய சண்டைதான். நெருப்போ ஒரு நிமிஷக் காரியம். இவ்வளவு பெரிய மாறுதல் எப்படி வந்தது?

சாசனத்தை முழுதும் வாசித்தபோது எனக்கு ஒரு விடை தோன்றியது. அந்தச் சாசனம் கபிலருக்காக வெட்டியதே அல்ல. அதில் ராஜராஜ சோழனின் தாயாரைப்பற்றிய புகழ் வருகிறது. வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். இந்த ஊர்ப் பெண். புலியைப் பெற்ற பொன்மான் என்று அவளை வருணிக்கிறார் சாசனக் கவி. கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, பால் குடிக்கும் குழந்தையைப் பிரிந்து, அவனோடு தீயில் இறங்கியவள் அவள் என்று சொல்லுகிறார். அதே சாசனத்தில்தான் கபிலரும் நெருப்பில் புகுகிறார். சங்க காலத்துக்கும் ராஜராஜன் காலத்துக்கும் (985-1014) நடுவில் 700 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பட்டினி கிடந்து சாகும் பெருமை ஜனங்களுக்கு மறந்துபோயிருக்கலாம். ஆனால் தங்கள் ஊரிலிருந்து வாழப்போன பெண், சிதையில் ஏறியது அவர்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அன்பின் எல்லை எது என்று கேட்டால் அவர்களுக்கு நெருப்புத்தான் தோன்றியிருக்கும். ஆகவே கபிலருக்கும் அதையே கொடுத்தார்கள். இது நாவலாசிரியனின் ஊகம். சாசனப் பரிசோதகர்கள் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் எனக்குச் சம்மதமே.

பெண்ணை மலையர்க்குக் கொடுத்தார் என்ற செய்தியிலும் அந்த ஊரின் ஆசை தெரிகிறது. நாட்டில் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டுக் கதவு ஒன்றுதான் திறந்தது என்று சொல்லிக்கொள்ள எந்தக் குலத்துக்குத்தான் ஆசை இராது? அது உண்மையாக இருந்துவிட்டால் நல்லது என்று எனக்கும் ஆசை. பறம்பிலிருந்து பெண்ணைக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாது. அவ்வளவு தூரம் நடந்து வந்த பெண்களுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கவேண்டும்.

கிடைத்திருந்தாலும் அது நிம்மதியான வீடு அல்ல. காரி, கொல்லி மலை ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அதியமான் அஞ்சி கோவலூரைப் பறித்தான். சேரன் அதியமானின் தகடூரை அழித்தான். ஒருவன் மலையை ஒருவன் பிடுங்குவதாகவே அந்தக் காலம் போயிற்று. மலையமான் ஒருவனின் குழந்தைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்துவந்து, யானைக் காலில் இட்டு மிதிக்கவைக்க ஏற்பாடு செய்தான். கோவூர் கிழார் என்ற புலவர் குறுக்கே புகுந்து ஒரு பாட்டுப் பாடி அவர்களைக் காப்பாற்றினார். அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டன. கூடியிருக்கும் மனிதர்களைக் கண்டுதான் மிரளுகின்றன என்று அந்தப் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. கொல்ல வந்த மிருகத்தை வேடிக்கை பார்க்கும் குழந்தைகள்! இதற்கு மேல் எந்தச் சோழன் யானையை நடத்துவான்? அந்தக் குலத்திலிருந்துதான் பின்னாளில் ஒரு பெண் சோழன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனைப் பெற்றாள்.

இன்று கல்வராயன் மலைக்கு மேலே ராஜாக்கள் இல்லை. அங்கேயும் ஜாகீர்தார்கள் என்ற பெயரில் மலைத் தலைவர்கள் இருந்தார்கள். 1976-இல்தான் அரசாங்கம் அந்த மலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. கல்வராயன் மலையும், சங்கராபுரமும், மூங்கில்துறைப்பட்டும், ஜம்பையும், கபிலர் பாறையும் ஒரே கலெக்டரின் கீழ் வந்துவிட்டன.

பாறையைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் ஒரே ஒரு பாட்டை நினைத்தேன். ஐந்தே அடி. அதிலும் நிலாதான் வருகிறது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முழுநிலவு. முதல் நிலவில் தகப்பனாரும் மலையும் இருந்தார்கள், இரண்டாவதில் இரண்டும் இல்லை. கோபம் இல்லை, சாபம் இல்லை. வென்றவர்களின் முரசைப்பற்றி மட்டும் ஒரு சொல்.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாட்டில், பாடியவர் பெயர் கிடைக்காத இடங்களும் உண்டு. இந்தப் பாட்டுக்குப் பெயர் இருக்கிறது: பாரி மகளிர். அவ்வளவுதான். அங்கவை, சங்கவை என்று நாம் சொல்லும் பெயர்கள் பிற்காலத்துக் கதைகளில் வந்தவை. ஐந்து அடியை இரண்டு பேர் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள், நிலவைச் சொன்னவள் மூத்தவளா, முரசைச் சொன்னவள் இளையவளா என்று, வெயில் ஏறி மணல் சுடும் வரையில் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சங்கராபுரம் பஸ் வந்துவிட்டது.